துணிக்கு நின்ற கற்கள்

எங்கள் ஊரில் துணிக்காக மனிதர்கள் வரிசையில் நின்றதில்லை, ஒரே ஒரு நாளைத் தவிர. மற்ற நாளெல்லாம் அவர்களுக்குப் பதிலாகக் கற்கள் நின்றன. இப்போது சொன்னால் கதை கட்டுகிறேன் என்கிறார்கள். கதை கட்டுவதாக இருந்தால் இதைவிட நம்பும்படியாகக் கட்டியிருப்பேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. கம்பைநல்லூரில் பிறந்த என்னை அரூரைத் தாண்டி, சித்தேரி மலை கண்ணுக்குத் தெரிகிற ஓர் ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டுமே தெலுங்கு பேசும் வியாபாரக் குடும்பங்கள். என் கணவர் வீட்டுக்குள் தெலுங்கு பேசுவார், கடையில் தமிழ் பேசுவார், ஓசூர்ப் பக்கத்து வண்டிக்காரர்கள் வந்தால் கன்னடமும் பேசுவார். என்னிடம் மட்டும் எந்தப் பாஷையிலும் அதிகம் பேசமாட்டார்.

முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. கடையை ஒட்டிய அறையில் தெருவைப் பார்த்த ஜன்னல் ஒன்று இருந்தது. கல்யாணமாகி வந்த பெண் தெருவில் இறங்கக் கூடாது. ஜன்னலில் நிற்கலாம், ஆனால் நிற்பது வெளியே தெரியக் கூடாது. பேசலாம், ஆனால் சத்தம் தெருவுக்குப் போகக் கூடாது. இவையெல்லாம் என் மாமியார் போட்ட சட்டங்கள். டில்லியில் உட்கார்ந்திருந்த வைஸ்ராய்க்குக்கூட அத்தனை சட்டம் போடத் தெரிந்திருக்காது. துணிக்கடைக்காரர் பெண்டாட்டி என்று பேர். என் பெட்டியில் இருந்தது அத்தனையும் பச்சைச் சேலை. மாமியாருக்குப் பச்சை பிடிக்கும். எனக்கு என்ன பிடிக்கும் என்று யாரும் கேட்கவில்லை, நானும் யோசித்துப் பார்த்ததில்லை.

யுத்தம் வந்ததும் மண்ணெண்ணெய், சர்க்கரை, துணி எல்லாவற்றுக்கும் கண்ட்ரோல் வந்தது. துணியெல்லாம் சிப்பாய்களுக்குப் போகிறது என்றார்கள். எங்கே போனதோ, எங்களிடம் வரவில்லை. எங்கள் கடையைக் கண்ட்ரோல் கடையாக ஆக்கினார்கள். அதுவரை வருகிறவர்களையெல்லாம் கும்பிட்டு வரவேற்ற என் கணவரை இப்போது வருகிறவர்கள் கும்பிட்டார்கள். மனிதர் உடனே தொண்டையைச் செருமிக்கொண்டு பேசப் பழகிவிட்டார். ராத்திரி சோறு கேட்கும்போதும் ஒரு செருமல் வரும்.

கூடவே சேலம் கலெக்டர் ஆபீசிலிருந்து ஒரு நோட்டீஸும் வந்தது. சாமான் வாங்க வருகிறவர்கள் எந்த வித்தியாசமும் இல்லாமல் ஒருவர் பின் ஒருவராக ஒரே வரிசையில் நிற்க வேண்டும், முதலில் வந்தவருக்கு முதலில் கொடுக்க வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. ரயிலில் தங்களுக்கென்று தனிப் பெட்டியும் ஏற்காட்டில் தங்களுக்கென்று தனி பங்களாவும் வைத்திருந்த வெள்ளைக்காரர்கள், துணி விஷயத்தில் மட்டும் திடீரென்று எல்லோரும் சமம் என்று சொல்லிவிட்டார்கள். என் கணவர் நோட்டீஸைப் பசை தடவிக் கதவில் ஒட்டினார். ஊருக்கு மயக்கம் வராத குறை.

கோயிலில் யார் எங்கே நிற்பது என்று எல்லோருக்கும் தெரியும். பந்தியில் யார் எப்போது உட்காருவது, ஏரித் தண்ணீர் யார் வயலுக்கு முதலில் பாய்வது என்பதும் தெரியும். ஒரே கோட்டில் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் யாரும் பழகாத வித்தை. யார் முதுகை யார் பார்ப்பது என்பதில் எல்லோருக்கும் குழப்பம் வந்துவிட்டது.

முதல் தடவை துணி வந்தபோது பெரிய வூட்டுக்காரர் வந்தார். ஏரிக்குக் கீழே இருந்த நிலத்தில் பாதிக்குமேல் அவருடையது. கதவிலிருந்த நோட்டீஸை ஒரு தடவை பார்த்தார். கையிலிருந்த குடையைக் கதவோரம் சாய்த்து வைத்தார். "கொடை நிக்குது, போதும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அவரே குடையை நிறுத்திவிட்ட பிறகு மற்றவர்கள் உடம்பை நிறுத்துவார்களா? கணக்குப்பிள்ளை கைத்தடியை நிறுத்தினார். வாத்தியார் பிரம்பை நிறுத்தினார். மத்தியானத்துக்குள் குடை காணாமல் போய்விட்டது. பிரம்பு அதற்கும் முன்பே போய்விட்டது. அதற்காகப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

அதன் பிறகுதான் கல் வந்தது. கல்லை யாரும் திருடமாட்டார்கள். துணி வரும் நாள் தெரிந்தால் விடிகிறபோதே அவரவர் ஒரு கல்லைக் கொண்டுவந்து கடை வாசலில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போவார்கள். கடை திறந்ததும் தங்கள் கல்லின் முறைக்கு வந்து வாங்கிக்கொள்வார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எங்கள் ஊர் எந்த நல்ல ஏற்பாட்டையும் அப்படியே விட்டுவைக்காது.

பெரிய வூட்டுக் கல், அவர்கள் புது வீட்டு வேலைக்குச் செதுக்கியதில் மீந்த கல். யாருடையது என்று தூரத்திலேயே தெரியட்டும் என்று அதற்குச் சுண்ணாம்பு வேறு அடித்திருந்தார்கள். அவர்கள் ஆள் எந்த நேரத்துக்கு அதைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் நேராக வாசற்படிக்கு வந்து முதலில் வைப்பான். ஏற்கெனவே இருந்த கற்களைக் காலால் பின்னுக்குத் தள்ளுவான். எந்தக் கல்லும் மறுத்துப் பேசியதில்லை. கணக்குப்பிள்ளை கல்லுக்கு அடுத்த இடம். வாத்தியார் தன் கல்லில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருந்தார், படித்தவர் கல் என்று தெரிவதற்காக.

சேரிக்காரர்களும் கல் வைத்தார்கள். அவர்கள் கல்லும் நம் கல்லும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடப்பதா என்று என் மாமியார்தான் முதலில் கேட்டார். ஊர் அப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல ஆமாம் ஆமாம் என்றது. அவர்கள் கற்களைத் தள்ளி, புங்க மரத்தடியில் தனி வரிசையாக வைக்கச் சொன்னார்கள். ஆற்றில் கிடந்தவரை சும்மா கிடந்த கல்லுக்கு, எங்கள் வாசலுக்கு வந்ததும் ஒரு சேரி உண்டாகிவிட்டது.

முன் வரிசை முழுக்க வாங்கி முடித்த பிறகுதான் மரத்தடி வரிசைக்குக் கொடுப்பது என்று பேச்சு. மரத்தடிக்கு முறை வருகிற நேரத்தில் துணி தீர்ந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் தீர்ந்திருக்கும். ஏன் என்று வாசலில் நின்றவர்களுக்குத் தெரியாது. வீட்டுக்குள் இருந்த எனக்குத் தெரியும். பொம்மிடி ஸ்டேஷனிலிருந்து மூட்டையை ஏற்றிக்கொண்டு வரும் வண்டி முதலில் எங்கள் கொல்லைப்பக்கம்தான் நிற்கும். மூட்டையைப் பிரித்து மாமியார் எடுப்பார், பெரிய வூட்டு அம்மா சொல்லியனுப்பியது போகும், கணக்குப்பிள்ளை வீட்டுக்குப் போகும். மிச்சம் வாசலுக்கு வரும். சுண்ணாம்பு அடித்த கல் சும்மா ஒரு மரியாதைக்குத்தான் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

நான் சொல்ல வந்தது ஒரு காலை நேரத்தைப் பற்றி. அன்றைக்குத் துணி வருகிறது என்று செய்தி. கிழக்கு வெளுக்கும்போதே நான் ஜன்னலுக்கு வந்துவிட்டேன். தெருவில் ஒரு கல்கூட இல்லை. சேரிக்கார அம்மாள் ஒருத்தி இடுப்பில் ஒரு கல்லைக் குழந்தை மாதிரி இடுக்கிக்கொண்டு வந்தாள். அவள் புருஷன் கோலார் தங்க வயலுக்குப் போனவன். அவள் மரத்தடியில் கல்லை வைத்தாள், மண்ணை ஒதுக்கி ஆடாமல் பதித்தாள், பிறகு ஜன்னலைப் பார்த்தாள். நான் நிற்பது வெளியே தெரியக் கூடாது என்ற சட்டத்தை அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை போலிருக்கிறது.

"அம்மா, இந்த வாட்டியாச்சும் எங்க வரிசைக்குத் துணி வருமுங்களா?"

எனக்கு எப்படித் தெரியும் என்று மெதுவாகச் சொன்னேன். தெரியும் என்று எப்படிச் சொல்வது?

"எனக்கும் எம் மவளுக்கும் இருக்கறது ஒரே சேலைங்கம்மா. நான் கூலிக்குப் போனா அவ உள்ள. அவ தண்ணிக்குப் போனா நான் உள்ள. வர்ற வெள்ளிக்கெழம பொண்ணு பாக்க வராங்க. அவளுக்குச் சேலயக் கட்டி உட்டுட்டு நான் உள்ள பூந்துகிட்டா, ஆத்தா இல்லாத புள்ளன்னு நெனச்சுக்குவாங்க. நான் கட்டிகிட்டு வெளிய நின்னா, வந்தவங்க என்னையத்தான் பாத்துட்டுப் போவணும்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றுபோய் அழுகை மாதிரி ஆகிவிட்டது. பக்கத்தில் யாரிடமாவது கேட்டு வாங்கக் கூடாதா என்றேன். "யாரு வூட்டுலங்கம்மா ரெண்டு இருக்குது?" என்றாள். தங்கம் தோண்டுகிறவன் வீட்டில் ஒரு சேலை. என் பெட்டி நிறையப் பச்சை. அன்றைக்கு அந்தப் பச்சையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. அதில் ஒன்றை எடுத்துக் கொடுக்கலாமே என்று கேட்பீர்கள். பெட்டிச் சாவி மாமியார் இடுப்பில் இருந்தது.

அவள் போன பிறகு ஒவ்வொரு கல்லாக வந்தது. வாத்தியார் கல் வந்தது. கணக்குப்பிள்ளை கல் வந்தது. சாவகாசமாகப் பெரிய வூட்டு வெள்ளைக் கல் வந்து, எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு முதலில் உட்கார்ந்தது. மாமியார் ராகி அரைக்கக் கூப்பிட்டார், உள்ளே போய்விட்டேன். அரைத்துவிட்டுக் கை கழுவும்போது வாசல் பக்கமிருந்து புகை வாடை வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் கடை வாசலில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

சித்தேரியிலிருந்து ஒரு புருஷனும் பெண்டாட்டியும் இறங்கி வந்திருந்தார்கள். புளியும் கடுக்காயும் விற்றுவிட்டு உப்பு வாங்கிப் போக வந்தவர்கள். எங்கள் ஊருக்கு அதற்கு முன் வந்ததே இல்லை. மலைப் பாதையில் நடக்கிறவர்கள் வழியில் சமைத்தால், அடுப்புக் கல்லைக் கலைக்காமல் அடுத்து வருகிறவர்களுக்கு விட்டுவிட்டுப் போவார்களாம். கீழே இறங்கியவர்கள் எங்கள் வாசலைப் பார்த்திருக்கிறார்கள். நல்ல நல்ல கல்லாக வரிசையாக வைத்திருக்கிறது. ஒரு கல்லுக்கு வெள்ளைகூட அடித்திருக்கிறது. தூரத்திலிருந்து வருகிறவர்கள் மேல் இந்த ஊருக்கு எவ்வளவு அக்கறை என்று அவர்களுக்கு மனசு நிறைந்துபோயிருக்கிறது.

அடுப்புக்கு மூன்று கல்லும் ஒரே உயரமாக இருக்க வேண்டும். வெள்ளைக் கல்லை எடுத்து வைத்துவிட்டு, அதற்கு ஜோடி தேடி ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்திருக்கிறார்கள். வாத்தியாரின் கோடு போட்ட கல் பொருந்தியது. மூன்றாவதற்கு முன் வரிசையில் எதுவும் சரிப்படவில்லை. மரத்தடியில் தேடி, ஆடாமல் பதித்திருந்த அந்தச் சேரிக்கார அம்மாளின் கல்லைப் பெயர்த்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். மிச்சக் கற்களை ஒதுக்கித் தள்ளிவிட்டு உட்கார இடம் பண்ணியிருக்கிறார்கள். முன் வரிசை, மரத்தடி வரிசை எல்லாம் கலந்து ஒரே குவியல். குவியலுக்கு மேல் அந்த மலைக்காரர் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார். அவர் பெண்டாட்டி களி கிண்டிக்கொண்டிருந்தாள்.

கூட்டம் கூடியது. மரத்தடிக்காரர்களும் வந்து தள்ளி நின்றார்கள். அந்தச் சேரிக்கார அம்மாள் முகத்தை மட்டும் நான் பார்த்தேன். கல் போனால் இடம் போனது, இடம் போனால் வெள்ளிக்கிழமை போனது. அவள் அடுப்புக்கு எதிரே, தன் கல்லைப் பார்த்தபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

பெரிய வூட்டுக்காரருக்கு ஆள் ஓடியது. அவர் மேல்துண்டைப் போட்டபடி வேகமாக வந்தார். தன் வெள்ளைக் கல் பாதிக் கறுப்பாகியிருப்பதைப் பார்த்தார். "யாரு இது? யாரு கல்லுல அடுப்பு மூட்டறீங்க?" என்று கத்தினார்.

மலைக்காரப் பெண் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "நாங்கதாண்ணா, சித்தேரி. ஒங்க கல்லுங்களா? பாங்கா செதுக்கி வெச்சிருக்கறீங்கண்ணா. செத்த இருங்க, எறக்கிட்டா ஒங்களுக்கும் ஒரு உருண்ட தரேன்."

அண்ணா என்றது தன்னைத்தானா என்று அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். கூடப் பிறந்த தம்பிகளே அவரை அண்ணா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு, கோர்ட்டில் பிரதிவாதி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த காலம் அது.

பிறகு பெரிய விவாதம் நடந்தது. மூன்றாவது கல் சேரிக் கல் என்று தெரிந்துவிட்டது. கல்லிலிருந்து கல்லுக்குத் தீட்டு போகுமா? நெருப்பு எல்லாவற்றையும் சுத்தம் பண்ணிவிடும் என்றார் கணக்குப்பிள்ளை. அவர் கல் அடுப்பில் இல்லை என்ற தைரியம் அவருக்கு. பானை மூன்றையும் தொட்டுக்கொண்டிருக்கிறதே என்றார் வாத்தியார். அப்படியானால் களி யார் ஜாதி என்று யாரோ கேட்டார்கள். என் மாமியார் உள்ளே இருந்தபடியே, கல்லுக்குத் தீட்டு கிடையாது, வைத்தவர்களுக்குத்தான் என்று தீர்ப்புச் சொன்னார். பிறகு எதற்கு மரத்தடியில் தனி வரிசை என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

இதில் வேடிக்கை, மலைக்காரருக்கும் விஷயம் புரிந்ததும் கையிலிருந்த உருண்டை வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. "சேரிக் கல்லா?" என்று பெண்டாட்டியைப் பார்த்தார். மலைமேல் ஏறிப் பார்த்தாலும் ஜாதி ஏணி இருக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவர் பெண்டாட்டி, "வெந்து போச்சு, தின்னு" என்றாள். அவரும் தின்றுவிட்டார். அன்றைக்கு அவ்வளவு பேர் பேசியதில் புத்தியுள்ள பேச்சு அது ஒன்றுதான்.

இந்தச் சமயத்தில் பொம்மிடி வண்டி வந்துவிட்டது. வழக்கம்போலக் கொல்லைப்பக்கம் திரும்பவில்லை, நேராக வாசலுக்கு வந்தது. காரணம், வண்டியில் மூட்டைமேல் வெள்ளைக்காரர் மாதிரி சோலா தொப்பி போட்ட ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருந்தார். துணி வழியில் எங்கே குறைகிறது என்று பார்க்கத் தாலுகா ஆபீசிலிருந்து அனுப்பியிருந்தார்கள். தெற்குச் சீமைக்காரர், புதிசு. இங்கே யார் பெரியவர், யார் சின்னவர் என்று தெரியாது. ராத்திரியெல்லாம் வண்டியில் குலுங்கி வந்ததில் தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை.

"கியூ எங்கே?" என்று கேட்டார்.

என் கணவர் செருமினார். அடுப்பைக் காட்டினார்.

அவருக்கு விளக்கிச் சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கல்லெல்லாம் எனக்குத் தெரியாது, ஆட்கள் நில்லுங்கள், முதலில் வந்தவர் யார் என்று கேட்டார். பெரிய வூட்டு ஆள் முன்னால் வந்து, "எங்க ஐயா கல்லுதாங்க மொதல்ல இருந்துச்சு" என்றான். எல்லோரும் ஆமாம் என்றார்கள். அது பொய்யும் இல்லை. முதலில் இருந்தது அந்தக் கல்தான்.

அடுப்புக்கு எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் எழுந்தாள். "மொதல்ல வந்தது நானுங்க சாமி. அந்தச் சன்னல்ல அம்மா இருந்தாங்க. அவங்களக் கேளுங்க."

தெரு முழுக்க ஜன்னலைப் பார்த்தது. பின்னால் மாமியாரின் வளையல் சத்தம் நின்றது. என் கணவர் என்னைப் பார்த்த பார்வையில், தயவுசெய்து ஊமையாக இரு என்று மூன்று பாஷையிலும் எழுதியிருந்தது. அப்படியே உள்ளே போயிருப்பேன். உண்மையைச் சொல்கிறேன், போயிருப்பேன். நியாயம் என்னை நிறுத்தவில்லை. பெரிய வூட்டு ஆள்தான் நிறுத்தினான். "பொம்பளைங்களுக்கு என்னாங்க தெரியும், வூட்டுக்குள்ள கெடக்கறவங்க" என்றான்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. விடிகிறபோதிலிருந்து அந்தத் தெருவைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலையே கொடுக்காமல் வைத்துவிட்டு, எனக்கு ஒன்றும் தெரியாதாம்.

"அந்தம்மாதான் மொதல்ல வந்துச்சு" என்றேன். எனக்கே என் சத்தம் அதிகமாகக் கேட்டது. "தெருவுல ஒரு கல்லும் இல்ல அப்ப. ஐயா வூட்டுக் கல்லு எல்லாத்துக்கும் கடைசியா வந்துச்சு. வந்து மத்ததத் தள்ளுச்சு."

ஊர் அதுவரை என் குரலைக் கேட்டதில்லை. குமாஸ்தா தலையை ஆட்டினார். "சரி, நீ முதலில் நில். மற்றவர்கள் பின்னால் நில்லுங்கள்" என்றார்.

நின்றார்கள். வேறு வழியில்லை, மூட்டை வாசலில் இருந்தது, கொல்லைப்பக்கம் போகாது. அந்தம்மாளுக்குப் பின்னால் யார் நிற்பது என்று எல்லோரும் தயங்க, கையை நக்கிக்கொண்டே மலைக்காரர் வந்து நின்றார். அவருக்குத் துணியே வேண்டாம், எல்லோரும் நிற்கிறார்களே என்று நின்றார். அவருக்குப் பின்னால், இரண்டு ஆள் இடைவெளி விட்டு, வெயிலில், குடையில்லாமல் பெரிய வூட்டுக்காரர் நின்றார். போயிருப்பார், போனால் அவர் வீட்டு அம்மா கேட்ட சேலை போய்விடும். துண்டைத் தலைமேல் போட்டுக்கொண்டு ஒரு மலைக்காரரின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மூட்டையைப் பிரித்தார்கள். முரட்டு நூல் சேலைகள்தான், ஆனால் பல நிறம். அவளுக்கு எந்தச் சேலையையாவது படியில் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடலாம் என்று என் கணவர் மேலே இருந்ததை எடுத்தார். அரக்கு நிறம், மஞ்சள் கரை.

அவள் அதைப் பார்த்தாள். தலையைச் சாய்த்து யோசித்தாள். "அத விரிச்சுக் காட்டுங்க சாமி" என்றாள்.

அவள் கடைத் துணியைத் தொடக் கூடாது. அது ஊர் வழக்கம். அதனால் விரிக்க வேண்டியது என் கணவர்தான். விரித்தார். முந்தானையைக் காட்டச் சொன்னாள், காட்டினார். மடித்தார். அவள் கண் மூட்டைக்குள் போனது. சின்னப் பிள்ளை மிட்டாய்க் கடையைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள். பிறகு, மரியாதையாக, அவசரமே இல்லாமல் கேட்டாள்:

"வேற கலர் இருக்குதுங்களா?"

தெருவில் ஒரு முனகல் எழுந்தது. நீலத்தை விரித்தார். சாம்பலை விரித்தார். கட்டம் போட்டதை விரித்தார். செருமக்கூட மறந்துபோய், வியர்வையைத் துடைத்துக்கொண்டு விரித்து விரித்து மடித்தார். தொடக் கூடாது என்ற வழக்கம் மட்டும் இல்லாமலிருந்தால் அவளே புரட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாள், மனிதர் சும்மா நின்றிருக்கலாம். குமாஸ்தா மூட்டையில் சாய்ந்து தூங்கிவிட்டார். பெரிய வூட்டுக்காரர் கால் மாற்றி நின்றார். அவளை யாராலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. முதலில் வந்தவள் அவள். பிறந்ததிலிருந்து இதுதான் உனக்கு என்று போட்டதை எடுத்துக்கொண்டவள், ஒரு காலை நேரம் முழுக்க எது வேண்டும் என்று யோசித்தாள்.

கடைசியில் முதலில் காட்டிய அரக்குச் சேலையையே எடுத்துக்கொண்டாள்.

எனக்கு அவள்மேல் சந்தோஷம் வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். வந்ததுதான். கூடவே பொறாமையும் வந்தது. அத்தனை துணிக்கும் சொந்தக்காரரின் பெண்டாட்டி நான், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

அன்றைக்கு மரத்தடிக்காரர்கள் பலருக்குத் துணி கிடைத்தது. முதல்முறையாகக் கணக்குப்பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. மலைக்காரர்கள் உப்பு வாங்கிக்கொண்டு போகும்போது, அடுப்புக் கல்லை அடுத்து வருகிறவர்களுக்காகத் துடைத்து, நெருக்கி வைத்துவிட்டுப் போனார்கள். மாமியார் என்னிடம் பல நாள் பேசவில்லை. எனக்கு அது பண்டிகை மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் அரக்குச் சேலையில் மகளும் பழைய சேலையில் தாயும் சேர்ந்தே நின்றார்களாம். மறுநாள் அவளே ஜன்னலுக்கு வந்து சொன்னாள். வந்தவர்கள் மகளைப் பார்க்காமல் சேலையைத்தான் பார்த்தார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டாள். குறைப்படும்போதும் சிரிப்பு தாங்கவில்லை அவளுக்கு. கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

ஊர் திருந்திவிட்டது என்று நினைக்க வேண்டாம். அடுத்த தடவை குமாஸ்தா வரவில்லை. வண்டி கொல்லைப்பக்கம் நின்றது. கற்கள் மறுபடி இரண்டு வரிசையாக வந்தன. பெரிய வூட்டிலிருந்து வேறு கல் செதுக்கிப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்துக் கொண்டுவந்தார்கள். வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய், கொடி மாறி, வாத்தியார் பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுத்த பிறகும் கொஞ்ச காலம் அந்தக் கற்கள் அப்படியேதான் நின்றன.

ஆனால் வாசலில் அடுப்பு எரிந்த அந்த வருஷத் தீபாவளிக்கு என் கணவர் மடித்த சேலை ஒன்றைக் கொண்டுவந்து என் பெட்டிமேல் வைத்தார். "அம்மா எடுத்துக் குடுத்தாங்க" என்றார். பச்சை.

நான் அதை எடுக்கவில்லை. தலையைச் சாய்த்துப் பார்த்தேன். வீட்டில் நாங்கள் தெலுங்குதான் பேசுவோம். அன்றைக்குத் தமிழில் கேட்டேன்.

"வேற கலர் இருக்குதுங்களா?"

அவர் வாசற்படியில் நின்றுவிட்டார். அந்தக் கேள்வியை எங்கே கேட்டோம் என்று அவருக்கு ஞாபகம் வந்தது முகத்தில் தெரிந்தது. உள்ளே மாமியார் இருமினார். அவர் அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார். பிறகு கடைக்குப் போய்க் கை நிறையச் சேலைகளை எடுத்துக்கொண்டு வந்து, பாயில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினார். நானும் அவசரப்படவில்லை.